தோற்றியவரும் தோற்றவரும்

ஒருவர் பரீட்சையில் தவறுவது உலகச் செய்தியாவது வழக்கமன்று. ஆயினும் 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில் அது நிகழ்ந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரமுகரான கிம் கர்தாஷியன், அவ்வாண்டு ஜூலையில் தாம் தோற்றிய கலிபோர்னியா மாநிலச் சட்டத்தரணிப் பரீட்சையிற் சித்தியடையவில்லை என்பதைத் தாமே வெளிப்படையாக அறிவித்தார். அறிவித்த கணந்தொட்டு ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. அச்சிரிப்புக் கடல்களைக் கடந்து, சட்டத்தைப் பற்றியோ கலிபோர்னியாவைப் பற்றியோ எதுவும் அறியாத நமது கைத்தொலைபேசிகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. நாமும் சிரித்தோம்.

சிரிப்பை அற்ப விடயமெனத் தள்ளிவிட இயலாது. ஒரு சமுதாயம் யாரைக் கண்டு, எப்பொழுது, எதற்காகச் சிரிக்கின்றது என்பதைக் கொண்டு அச்சமுதாயத்தின் மதிப்பீடுகளை நிறுத்துப் பார்க்கலாம். இந்தச் சிரிப்பு தவறான இடத்தில் எழுந்த சிரிப்பு என்பதே எனது வாதம். கர்தாஷியனுக்காக வக்காலத்து வாங்குவது என் நோக்கமென எவரும் கருத வேண்டியதில்லை. அதற்கெனச் சம்பளம் பெறும் சட்டத்தரணிகள் அவரிடம் பலர் உளர். நான் பேச விரும்புவது சிரித்தவர்களைப் பற்றி. சிரிக்க வேண்டிய வேளையிற் சிரிக்காது, தலை வணங்க வேண்டிய வேளையிற் சிரித்தவர்களைப் பற்றி.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

கிம்மின் தந்தையார் ரொபேட் கர்தாஷியன் ஒரு சட்டத்தரணி. 1995ஆம் ஆண்டு உலகமே கண்ணிமையாது பார்த்திருந்த ஓ. ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில், எதிரியின் தரப்பில் அமர்ந்திருந்தவர்களுள் அவரும் ஒருவர். மகள் வேறு வழியிற் புகழ் ஈட்டினார். 2007இல் தொடங்கிய குடும்பத் தொலைக்காட்சித் தொடரொன்றின் வாயிலாக உலகறிந்த முகமானார். அந்த முகத்தையும் உடலையும் பெயரையும் விற்பனைச் சரக்காக்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர். இத்தகைய ஒருவர், தாம் 2018ஆம் ஆண்டு முதல் சான் பிரான்சிஸ்கோ நகரச் சட்டத்தரணிகளிடம் பயிலுநராய் இருந்து சட்டங் கற்று வருவதாக 2019ஆம் ஆண்டு 'வோக்' சஞ்சிகைக்குத் தெரிவித்தபோது முதற்சிரிப்புக் கேட்டது.

கலிபோர்னியாவில் சட்டக் கல்லூரிக்குச் செல்லாமலே சட்டத்தரணி ஆவதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஐந்தாண்டுகளேனும் தொழில் புரிந்த சட்டத்தரணி ஒருவரின் அலுவலகத்தில், வாரத்துக்கு 18 மணித்தியாலமாக, ஆண்டுக்கு 48 வாரமாக, நான்காண்டுகள் கற்றல் வேண்டும். மாதந்தோறும் சோதனை உண்டு. ஒப்பந்தச் சட்டம், தீங்கியல், குற்றவியற் சட்டம் ஆகியவற்றில் மாநிலம் நடத்தும் முதலாண்டுப் பரீட்சையொன்றும் உண்டு. அதிற் பெரும்பாலானோர் தேறுவதில்லை. கர்தாஷியன் முதற்றடவை 560 புள்ளிகள் வேண்டிய இடத்தில் 474 பெற்றார். மூன்று தடவை தவறி, நான்காந் தடவை 2021இன் இறுதியிற் சித்தியடைந்தார். நான்காண்டுப் பயிற்சியை ஆறு ஆண்டுகளில், 2025 மே மாதத்தில் நிறைவு செய்தார். அதன் பின்னர் எழுதியதே ஜூலைப் பரீட்சை. இரண்டு நாட் பரீட்சை அது: முதல் நாள் ஐந்து கட்டுரை வினாக்களும் ஒரு செய்முறை வினாவும், மறுநாள் இருநூறு பல்தேர்வு வினாக்கள்.

இதிற் சிரிப்பதற்கு என்ன இருக்கின்றது? சிரித்தவர்கள் மூன்று காரணங்களைக் கூறினர். ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதற் காரணம், அவர் அறிவிலி என்பது. 'பரீட்சையில் தவறிவிட்டார், ஆகவே அறிவில்லை' என்ற இத்தருக்கம் எத்துணைக் குருட்டுத்தனமானது என்பதை ஆசிரியத் தொழிலில் இருக்கும் எவரும் அறிவர். அந்த ஜூலைப் பரீட்சைக்குத் தோற்றியோருட் பாதிக்குச் சற்று மேற்பட்டோரே தேறினர். எஞ்சிய ஆயிரக்கணக்கானோர், அவர்களுட் பெரும்பாலோர் முறைப்படி சட்டக் கல்லூரிகளிற் பயின்றவர்கள், கர்தாஷியனோடு சேர்ந்தே தவறினர். அவரை நோக்கி எறிந்த ஏளனம் அவர்கள் அனைவர் முகத்திலும் விழுந்தது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகச் சட்டபீடத்தின் தலைவராய் இருந்தவரும், அமெரிக்க உயர் நீதிமன்றின் முன் வாதிட்டவருமான கத்லீன் சல்லிவன் 2005ஆம் ஆண்டு இதே கலிபோர்னியாப் பரீட்சையிற் தவறினார். பின்னாளில் அம்மாநிலத்தின் சட்டமா அதிபராகவும் நாட்டின் உப ஜனாதிபதியாகவும் விளங்கிய கமலா ஹாரிஸ் முதற்றடவை தவறினார். ஆளுநராய் இருந்த பீற் வில்சன் நான்காந் தடவையிலேயே தேறினார். இவர்கள் எல்லோரும் அறிவிலிகளா?

இத்தகைய ஏளனத்துக்கு முன்னுதாரணமும் உண்டு. ஜனாதிபதி கெனடியின் மகனாகிய இளைய ஜோன் கெனடி, நியூயோர்க் பரீட்சையில் இரு தடவை தவறி, 1990ஆம் ஆண்டு மூன்றாந் தடவையிற் சித்தியடைந்தார். அழகன் கோட்டை விட்டான் என்ற பொருளில் அந்நகரின் மலிவுப் பத்திரிகைகள் முதற் பக்கத்திற் கொட்டை எழுத்திற் தலைப்பிட்டன. அங்கும் சிரிப்பு இருந்தது. ஆனால் அது செல்லப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. சட்டத்தின் வாசலில் நிற்க அவருக்குத் தகுதி உண்டா என்று எவரும் கேட்கவில்லை. கர்தாஷியன் விடயத்தில் ஏளனம் விடைத்தாளோடு நிற்கவில்லை. அவரது உடைக்கும் ஒப்பனைக்கும் உடலமைப்புக்கும் தாவிற்று. அழகை வெளிக்காட்டும் பெண்ணுக்கு மூளை இராது என்ற மிகப் பழைய தீர்ப்பு, புதிய பெறுபேற்றுத் தாளிற் சான்று தேடிற்று. முற்போக்காளர் என்று தம்மைக் கூறிக்கொள்வோரும் இச்சிரிப்பிற் கலந்துகொண்டமையே வேதனைக்குரியது.

இரண்டாவது காரணம், தொழிலின் புனிதம். பட்டமில்லாதவர், கல்லூரி வாசலை மிதியாதவர், சட்டத்தரணி ஆவதா என்று ஒரு சாரார் கொதித்தனர். செல்வத்தினால் குறுக்கு வழி வாங்கிவிட்டார் என்றுங் கூறினர். இது வரலாற்றை அறியாதார் கூற்று. கல்லூரிகள் பெருகுமுன் அமெரிக்காவிற் சட்டத்தரணிகள் உருவான இராசபாட்டையே இந்த அலுவலகப் படிப்புத்தான். ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியிலும் பயின்றவரல்லர். இரவல் நூல்களைக் கற்றுச் சட்டத்தரணி ஆனவர். நாற்சி யுத்தக் குற்றவாளிகளை நூரம்பேர்க்கில் விசாரித்தபோது அமெரிக்காவின் தலைமை வழக்குத்தொடுநராய் நின்ற நீதியரசர் ரொபேட் ஜக்சன், அலுவலகப் பயிற்சியோடு ஒரேயொரு வருடம் மாத்திரமே சட்டக் கல்லூரியில் இருந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரல்லர்.

இவர்களினும் நமக்கு முக்கியமானவர் கிளாரா ஷோர்ட்றிஜ் போல்ற்ஸ் என்னும் பெண்மணி. கணவனாற் கைவிடப்பட்டு, ஐந்து குழந்தைகளைக் காப்பாற்றும் சுமையோடு, சான் ஹோசே நகரில் அலுவலகமொன்றிற் சட்டங் கற்றார். வெள்ளையின ஆண்கள் மாத்திரமே சட்டத்தரணியாகலாம் என்று அக்காலக் கலிபோர்னியாச் சட்டங் கூறிற்று. அவர் அந்தச் சட்டத்தையே மாற்றுவதற்குரிய மசோதாவைத் தாமே எழுதி நிறைவேறச் செய்து, 1878இல் அம்மாநிலத்தின் முதற்பெண் சட்டத்தரணி ஆனார். சட்டக் கல்லூரி அனுமதி மறுத்தபோது வழக்குத் தொடுத்து வென்றார். வசதியற்ற எதிரிகளுக்கு அரச செலவிற் சட்டத்தரணி அமர்த்தப்பட வேண்டும் என்ற கருத்தை 1893இல் சிக்காகோவில் உலகின் முன் வைத்தவரும் அவரே. 1914இல் லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் அத்தகைய அலுவலகம் முதன்முதலிற் திறக்கப்பட்டது. சிம்ப்சன் வழக்கு நடந்த அதே நீதிமன்றக் கட்டடம் 2002ஆம் ஆண்டு முதல் இந்தப் பெண்மணியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கர்தாஷியனின் தந்தையார் வாதத்துக்காக ஏறி இறங்கிய படிகள் அவை. அலுவலகத்திற் கற்றவர் சட்டத்தரணியா என்று நகைத்தோர், அக்கட்டடத்தின் நெற்றியில் உள்ள பெயரை ஒருமுறை வாசித்தல் நன்று.

அலுவலகப் படிப்பு என்பது ஏழைக்கென விடப்பட்ட ஒரு சிறு சாளரம். சட்டக் கல்லூரிக் கட்டணம் கட்ட வகையற்றோரும், அதற்காக வாழ்நாட் கடனிற் புதைய விரும்பாதோரும் நுழையக்கூடிய வழி. அதனைக் குறுக்கு வழி என்று கேலி செய்பவர், ஒரு செல்வந்தப் பெண்ணை அடிப்பதாக எண்ணிக்கொண்டு எண்ணற்ற வறியவர்களை அடிக்கின்றனர். அச்சாளரம் மூடப்படுமாயின் கர்தாஷியனுக்கு நட்டமில்லை. அவர் விரும்பினாற் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடுவார்.

இவ்விடத்தில் நேர்மையான மறுப்பொன்று எழலாம். அவரிடம் செல்வம் இருந்ததன்றோ? இருந்தது. வாரத்துக்கு 18 மணித்தியாலத்தை ஒதுக்கிக்கொள்ள அவரால் முடிந்தது. நான்கு பிள்ளைகளின் தாயாயினும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளிருந்தது. தனிப்பட்ட ஆசிரியர் இருந்தனர். இரவு வேலை முடித்து அதிகாலையிற் புத்தகம் திறக்கும் மருத்துவமனைத் தாதிக்கோ, உணவகத் தொழிலாளிக்கோ இவை கிடையா. செல்வம் ஒருவருக்கு வாங்கித் தரும் பெரும் பண்டம் நேரம். இதனைச் சுட்டிக்காட்டுவது நியாயமான விமர்சனம். ஆனால் இதனைச் சிரித்தவர்கள் கூறவில்லையே! நேரம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அவர் ஏன் கற்கின்றார் என்றே கேட்டனர்.

புனிதம் பேசுவோர் பரீட்சையின் புனிதத்தையும் சற்று ஆராயட்டும். 2020ஆம் ஆண்டு வரை கலிபோர்னியாவிற் சித்திக்கு வேண்டிய புள்ளி 1440. அவ்வாண்டு மாநில உயர் நீதிமன்றம் அதனை 1390 ஆகக் குறைத்தது. 2019இல் 1400 புள்ளிகள் எடுத்தவர் தகுதியற்றவர். 2020இன் இறுதியில் அதே 1400 எடுத்தவர் தகுதி வாய்ந்தவர். இடையில் மாறியது மாணவனின் அறிவா, கோடா? கோடு வேண்டாம் என்று நான் கூறவில்லை. நோயாளிக்கு மருத்துவர் வேண்டுமாப்போல வழக்காளிக்குத் தேர்ந்த சட்டத்தரணி வேண்டும். ஆனால் அக்கோட்டினை மனிதர் வரைந்தனர், மனிதர் நகர்த்தினர் என்பதை மறந்து, அதன் இப்பக்கம் நிற்பவர் ஞானி, அப்பக்கம் நிற்பவர் மூடர் என்று கூறுவது மூடநம்பிக்கை.

2025 பெப்ரவரியில் நடந்ததோ இன்னும் வெட்கக்கேடானது. செலவைக் குறைக்கும் நோக்குடன் மாநிலச் சட்டத்தரணிகள் சபை புதிய முறையிற் பரீட்சை நடத்த முற்பட்டது. கணினி அமைப்புகள் இடைநடுவிற் செயலிழந்தன, எழுதியவை அழிந்தன, பரீட்சார்த்திகள் கண்ணீர் விட்டனர், வழக்குகள் தொடுக்கப்பட்டன. புள்ளியிடப்பட்ட 171 பல்தேர்வு வினாக்களுள் 23 வினாக்கள் செயற்கை நுண்ணறிவின் துணையுடன் ஆக்கப்பட்டவை என்ற செய்தி இரண்டு மாதங்களின் பின்னரே வெளிவந்தது. வேறு 48 வினாக்கள் அந்த முதலாண்டுப் பரீட்சைக்குரிய தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. சட்டத்தரணிகளை அளக்கும் நிறைகோலின் நிலை இது. அதே ஆண்டு நவம்பரில், தாம் சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சட்ட வினாக்களுக்கு விடை கேட்டதாகவும், அது பிழையான விடைகளைத் தந்து சோதனைகளிற் தம்மைத் தவறச் செய்ததாகவும் கர்தாஷியன் ஒரு நேர்காணலிற் கூறினார். உலகம் வயிறு குலுங்கச் சிரித்தது. மாணவி இயந்திரத்திடம் விடை கேட்டால் நகைப்பு. பரீட்சை நடத்துவோர் இயந்திரத்திடம் வினாக் கேட்டால் அது நிர்வாகச் சீர்திருத்தம்! அதிகாரமுடையோர் செய்யும் அபத்தத்துக்கு நாம் நகைப்பதில்லை. அது நமக்கு அபத்தமாகத் தோன்றுவதேயில்லை.

மூன்றாவது பிரதிபலிப்பு ஏளனத்துக்கு எதிரானது போலத் தோன்றினும் அதனினும் ஆபத்தானது. அதுதான் துதிபாடல். 'விழுந்தாலும் எழுவாள், விடாமுயற்சியின் வடிவம், நமக்கெல்லாம் எடுத்துக்காட்டு' என்று இன்னொரு கூட்டம் கண்ணீர் மல்கிற்று. விடாமுயற்சி போற்றற்குரியதே. ஆயினும் எல்லோருடைய வீழ்ச்சியும் ஒரே உயரத்திலிருந்து நிகழ்வதில்லை. கர்தாஷியன் தவறிய அதே வாரத்தில் அவரது தொலைக்காட்சி நாடகமொன்று வெளியாகிக்கொண்டிருந்தது. அதில் அவர் விவாகரத்து வழக்குகள் பேசும் பகட்டான சட்டத்தரணியாக வேடமேற்றிருந்தார். தாம் இன்னும் சட்டத்தரணி அல்லர், தொலைக்காட்சியில் மாத்திரமே அவ்வேடம் என்று அவரே விளையாட்டாகக் குறிப்பிட்டார். அந்த மாதத்திலேயே அவரது உள்ளாடை நிறுவனத்தின் பெறுமதி ஐந்து பில்லியன் டொலர் எனக் கணிக்கப்பட்டது. பரீட்சையில் தவறியதனால் அவர் வீட்டிற் சோறு குறையவில்லை. வேலை வாக்குறுதியை இழந்து, கடனுக்குத் தவணை கட்ட வழியின்றி, அடுத்த பெப்ரவரி வரை வாடகைக்கு என்ன செய்வதென்று திகைத்த பரீட்சார்த்திக்கு 'கர்தாஷியனைப் பார், எழுந்து நில்' என்று கூறுவது ஆறுதலன்று, அவமதிப்பு. செல்வரின் தோல்வி கதையாகின்றது. வறியவரின் தோல்வி கடனாகின்றது.

நம் நாட்டு மாணவரும் இதனை நன்கறிவர். பல்கலைக்கழக அனுமதி கருதி உயர்தரப் பரீட்சைக்கு ஒருவர் மூன்று தடவையே தோற்றலாம். பெறுபேறு வெளிவரும் நாளில் ஊர் கேட்கும் முதற்கேள்வி எதுவென நாமறிவோம். 'தோற்றுதல்' என்பதற்கும் 'தோற்றல்' என்பதற்கும் இடையே தமிழில் சிறு வேறுபாடே உண்டு. முன்னையது முன்வந்து நிற்றல். பின்னையது வெல்லாது போதல். தோற்றியவர் அனைவரையும் தோற்றவராகவே பார்க்கும் கண் நமக்கு எங்கிருந்து வந்தது? உலகறிந்த பெண்ணொருத்தி நான்கு முறை முதலாண்டுப் பரீட்சை எழுதினாள் என்று வீட்டில் தகப்பனும் தமையனும் சிரிக்கக் கேட்கும் பிள்ளை, இரண்டாந் தடவை தோற்றும் தன்னைப் பற்றி அவர்கள் மனத்திலுள்ளதை அச்சிரிப்பிலிருந்தே அறிந்துகொள்கின்றது.

இனி, என் வாதத்தின் மையத்துக்கு வருகின்றேன்.

டெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரைச் சேர்ந்த கறுப்பினப் பெண் அலிஸ் மரி ஜோன்சன். வேலையிழந்து, வறுமையுற்று, கொக்கெயின் கடத்தல் வலையொன்றிற் சிக்கிக்கொண்டவர். அவர் எவரையும் அடித்தாருமல்லர், கொன்றாருமல்லர். அதற்கு முன் குற்றத் தீர்ப்புப் பெற்றாருமல்லர். 1996இல் குற்றவாளியாகக் காணப்பட்ட அவருக்கு முன்கூட்டிய விடுதலைக்கு இடமேயில்லாத ஆயுட் சிறை விதிக்கப்பட்டது. இருபத்தோராண்டுகளுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். முன்னைய ஆட்சிக் காலத்தில் அவரது கருணை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவரைப் பற்றிய காணொளியொன்று தற்செயலாகக் கர்தாஷியனின் கண்ணிற் பட்டது. 2018 மே 30ஆந் திகதி அவர் வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி ட்ரம்பைச் சந்தித்தார். ஜூன் 6ஆந் திகதி அலிஸ் விடுதலையானார். இருபத்தோராண்டுகள் திறவாத கதவு ஒரு வாரத்திற் திறந்தது!

அலிஸ் விடுதலையானதில் மகிழாதவர் மனிதரல்லர். அதற்காகக் கர்தாஷியன் பாராட்டப்பட வேண்டியவரே. ஆயினும் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சட்டம் மறுத்ததைச் சந்திப்பொன்று தந்ததாயின், அந்தச் சட்டத்தின் பெயர் என்ன? காணொளியில் வராத அலிஸ்கள் எத்தனை பேர்? புகழ்பெற்றவர் கண்ணிற் படாத கைதி எந்த வாசலைத் தட்டுவது? 2019இல் பிரிற்றனி பாணற் என்னும் கறுப்பினச் சட்டத்தரணியும் அவருடைய தோழியரும் தொண்ணூறு நாட்களில் பதினேழு கைதிகளுக்கு நீதிமன்றங்களில் விடுதலை பெற்றுக்கொடுத்தனர். செலவுக்குக் கர்தாஷியன் உதவினார். ஏட்டைப் புரட்டி இரவிரவாக விண்ணப்பம் வரைந்தவர் பாணற் போன்றோர். பத்திரிகைத் தலைப்புகளிற் பதினேழு பேரையும் விடுவித்தவர் கர்தாஷியன்! அப்பொழுது யார் சிரித்தார்கள்?

2022ஆம் ஆண்டு நிகழ்ந்ததையும் நினைவூட்டுகின்றேன். எண்ணியல் நாணயமொன்றைத் தம் இரசிகருக்கு விளம்பரஞ் செய்த கர்தாஷியன், அதற்காக இரண்டரை இலட்சம் டொலர் பெற்றதை மறைத்தார் என்று அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு குற்றஞ் சாட்டியது. குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும் 12 இலட்சத்து 60 ஆயிரம் டொலர் செலுத்தி அவர் விடயத்தை முடித்துக்கொண்டார். சட்டங் கற்கும் ஒருவர் மீது சட்டம் சார்ந்து எழுந்த உண்மையான கேள்வி அது. அவரை நம்பிப் பணம் போட்ட சாதாரண மக்கள் இருந்தனர். அச்செய்திக்குக் கிடைத்த பரபரப்பு, பரீட்சையிற் தவறிய செய்திக்குக் கிடைத்த கொண்டாட்டத்திற் பாதியேனும் உண்டா?

இவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். புகழுக்காக வெள்ளை மாளிகையின் கதவு திறந்தபோது வியந்தோம். பணத்தினால் ஆணைக்குழுவின் கோவை மூடப்பட்டபோது கொட்டாவி விட்டோம். புகழுக்கும் பணத்துக்கும் வளையாத ஓரிடத்தில், பெயரின்றி இலக்கத்தோடு மாத்திரம் விடைத்தாள் திருத்தப்படும் ஓரிடத்தில், அவர் மற்ற எல்லோரையும் போலவே நின்று, மற்றப் பலரையும் போலவே தவறி, அதனை மறைக்காமற் கூறியபோது கைகொட்டிச் சிரித்தோம். அவருடைய பொதுவாழ்வில் சமத்துவம் நிலவிய ஓரிடம் அது. அதுவே நமக்கு வேடிக்கையாயிற்று! சலுகை நமக்கு இயல்பாகத் தோன்றுகின்றது. சமத்துவம் நகைப்பாகத் தோன்றுகின்றது. நிலவுடைமைக் காலத்து மனம் இன்னும் நம்முள் உயிரோடிருப்பதற்கு இதனிலும் சான்று வேண்டுமா?

தமிழர் இலக்கியத்தில் நீதி கேட்டுச் சென்றவர்களுள் தலையாயவள் கண்ணகி. அவள் சட்டம் பயின்றவளல்லள். அவளை அரண்மனைக்கு அழைத்துச் செல்லப் பிரமுகர் எவருமிலர். கையிற் சிலம்பும் வாயில் உண்மையும் இருந்தன. வாயிலோன் அறிவித்தான், அரசன் வரவிடுத்தான், சான்று காட்டி வழக்கை வென்றாள். பாண்டியன் தவறியவனாயினும், பெயரறியாப் பெண்ணுக்குக் கதவைத் திறந்தவன். அலிஸ் ஜோன்சனுக்கு அந்தப் பாண்டியன் வாசல்கூட இருக்கவில்லை.

புளோரிடாச் சிறையொன்றிலிருந்து கிளரன்ஸ் கிடியன் என்னும் ஏழைக் கைதி, சட்டத்தரணி வைத்துக்கொள்ள வகையற்றவன், பென்சிலால் எழுதி அனுப்பிய விண்ணப்பத்தின் மீது 1963ஆம் ஆண்டு அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடுங்குற்றஞ் சாட்டப்பட்ட வறியவருக்கு அரசு சட்டத்தரணி அமர்த்திக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அத்தீர்ப்பு. எந்தப் பரீட்சையிலும் தேறாத ஒரு கைதியின் கையெழுத்து ஒரு நாட்டின் நீதியை மாற்றிற்று. ஆயினும் அந்த உரிமை ஏட்டிலே பெருத்து, நடைமுறையிலே மெலிந்து கிடக்கின்றது. மத்திய நீதிமன்றங்களிற் குற்றத் தீர்ப்புப் பெறுவோருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றியே குற்றத்தை ஒப்புக்கொள்கின்றனர். அரச சட்டத்தரணிகள் தாங்க முடியாத வழக்குச் சுமையோடு ஓடித் திரிகின்றனர். சட்டம் பேசத் தெரிந்தவர்கள் இன்னும் பல்லாயிரவர் தேவைப்படும் நாட்டில், ஒருவர் சட்டங் கற்பது சிரிப்புக்குரியதாவது எங்ஙனம்?

கர்தாஷியனை விமர்சிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. பெண்ணுடலைச் சந்தைப் பொருளாக்கும் அவரது வாணிபத்தை விமர்சியுங்கள். இரசிகரின் நம்பிக்கையை விலைபேசியதை விமர்சியுங்கள். நீதியை அரண்மனைக் கருணையாகச் சுருக்கிய அந்தச் சந்திப்பின் அரசியலை விமர்சியுங்கள். இவற்றுக்கெல்லாம் ஆராய்ச்சி வேண்டும், துணிவு வேண்டும், நிலைப்பாடு வேண்டும். பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துச் சிரிப்பதற்கு இவற்றுள் ஒன்றும் வேண்டியதில்லை. ஆகவேதான் அது இத்தனை பேருக்கு இலகுவாயிற்று. செல்வரை வெறுப்பதாக எண்ணிக்கொண்டு, செல்வரைச் செல்வராக்கும் அமைப்பைத் தொடாமல் விட்டுவிடும் கோழைத்தனம் இச்சிரிப்பு. காலையில் அவரைப் பார்த்து நகைத்தவர், மாலையில் அவரது நிறுவனத்தின் ஆடையை வாங்குவதற்கு இச்சிரிப்பு எவ்விதத் தடையும் செய்யவில்லை.

அவர் இனியொரு தடவை தோற்றிச் சித்தியடையலாம், அடையாமலும் போகலாம். அதனால் உலகம் உய்யப்போவதுமில்லை, கெடப்போவதுமில்லை. சித்தியடைந்தாராயின் இன்று சிரித்த அதே வாய்கள் வாழ்த்துப் பா இசைக்கும் என்பது மட்டும் உறுதி. அந்த வாழ்த்தும் இந்தச் சிரிப்பும் ஒரே மரத்துக் கனிகள்.

நமக்கு வேண்டியது வேறு. பெயரறியாத கைதியின் விண்ணப்பத்தையும் பெயர்பெற்றவரின் வேண்டுகோளையும் ஒரே கண்ணால் வாசிக்கும் நீதிமன்றம் வேண்டும். இரவு வேலை செய்யும் தாயும் வாரத்துக்குப் பதினெட்டு மணித்தியாலம் புத்தகத்தோடு இருக்கக்கூடிய வாழ்க்கை வேண்டும். மூன்றாந் தடவை பரீட்சை மண்டபத்துட் செல்லும் பிள்ளை தலை குனியாமற் செல்லக்கூடிய ஊர் வேண்டும். இவை வரும் வரை, பரீட்சைக்குத் தோற்றிய எவரும் தோற்றவரல்லர். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இவற்றைக் கேட்க மறந்த நாமே தோற்றவர்கள்.